மூன்றாவதாக உயர்ந்த கை

லூயிஸ்டன், மெயின்
16 செப்டம்பர் 2013

அன்புள்ள கோலெட்,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நான்தான் என்று உங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் பேசுகிறார்களாம். உன் அம்மா தொலைபேசியில் சொன்னாள். அது தவறு. முதலில் தூக்கியவர் தந்தை பெரூபே. இரண்டாவது சிஸ்டர் யூலலி. மூன்றாவதாகத்தான் என் கை உயர்ந்தது. பதினோரு ஆண்டுகளாக புனித ஜெர்ட்ரூட் முதியோர் இல்லத்துக்கு நான்தான் செயலாளர். கூட்டக் குறிப்பை எழுதுகிறவளுக்கு வரிசை தெரியாமல் போகுமா?

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை மருந்தும் சாதனமும் சேரவேண்டும் என்று வாஷிங்டன் சொல்கிறது. கத்தோலிக்க இல்லம் அதைச் செய்யாது என்று நாங்கள் சொன்னோம். ஏழு பேர், ஏழு கைகள். இங்குள்ள வீட்டுக்கும், அங்கே வடக்கில் நீ வேலை பார்க்கும் வீட்டுக்கும் ஒரே முடிவுதான்.

உன் அம்மா இன்னொன்றும் சொன்னாள். என் பெயர் காதில் விழுந்ததும் நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கூடிவிட்டதாம். உன்னை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தியவள் நான். அந்த வேலைக்குச் சிபாரிசு எழுதியவளும் நான். மனத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுது. தொலைபேசியில் வேண்டாம். தொலைபேசியில் சொன்னதை எல்லோரும் மறுநாள் மாற்றிச் சொல்கிறார்கள்.

என் முழங்கால் படிக்கட்டில் மட்டும் முணுமுணுக்கிறது. லூக் பிறந்த பிறகு பத்து வாரம் படுத்திருந்தாயே, இப்போது இதயம் எப்படி இருக்கிறது? கில்மனையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பெரியம்மா,
ஓடில் டேகல்


ஃபிரெஞ்ச்வில்
29 செப்டம்பர் 2013

அன்பான பெரியம்மாவுக்கு,

கோலெட் எழுதுறேன். எல்லாரும் சுகம். உங்க முழங்காலுக்கு வென்னீர் ஒத்தடம் குடுங்க, படிக்கட்டைத் திட்டாதீங்க. நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பிடாதீங்க, போன தடவை அப்படித்தான் வந்துச்சு.

உருளைக்கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூணு வாரம் லீவு. பெரியவள் அனூக் கூடையைத் தூக்கிட்டு வயலுக்குப் போறா. லூக்குக்குப் பதினாலு மாசம், நாற்காலியைப் பிடிச்சு நடக்கிறான். கில்மன் கிழங்கு லாரி ஓட்டுறான். பனி விழுந்ததும் மர லாரிக்கு மாறுவான்.

பாத்திரத்துக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அன்னைக்குக் கல்லுல போட்ட பிளோய் ரொட்டி கருகிப்போச்சு, சட்டியைச் சுரண்டினேன். அம்மாவுக்கு எதுலயும் ஒரு கதை வேணும்.

இதயத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேங்கோர் போய் டாக்டரம்மாவைப் பாக்குறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நிர்வாகம் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா, காப்பீட்டுல வேண்டாம்னது நமக்கு வேற வழியா கிடைக்கும்னு ஆபீஸ்ல டோரீன் சொன்னா. அது என்ன காகிதம்?

முத்தங்களோட,
கோலெட்


லூயிஸ்டன்
10 அக்டோபர் 2013

அன்புள்ள கோலெட்,

உன் கடிதம் கிடைத்தது. லூக் நடப்பது மகிழ்ச்சி. சிவப்பு மை தீர்ந்துவிட்டது, பயப்படாதே.

நீ கேட்ட காகிதம் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டே பக்கம். ‘எங்கள் மதநம்பிக்கைப்படி இதற்கு உடன்படமாட்டோம்’ என்று இல்லம் அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இட்டால், காப்பீட்டு நிறுவனம் எங்களிடம் ஒரு காசும் வாங்காமல், தன் பொறுப்பிலேயே பெண்களுக்கு அதைக் கொடுத்துவிடும். அதாவது, எங்கள் மறுப்பே அவர்களுக்கு அனுமதி ஆகிவிடுகிறது.

கூட்டத்தில் நீண்ட நேரம் இதைப் பேசினோம். வழக்கறிஞர் நோர்மன் கேட்டார்: “நீங்க ஒண்ணும் குடுக்கப்போறதில்லையே ஃபாதர், வேண்டாம்னுதானே எழுதப்போறீங்க?” தந்தை பெரூபே சொன்னார்: “நான் திருடமாட்டேன்பா. ஆனா திருடன்கிட்ட பக்கத்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டுறேன். அதுக்குப் பேர் என்ன?” கையெழுத்திடுவதில்லை என்று முடிவாயிற்று. மற்ற இல்லங்களோடு சேர்ந்து வழக்கும் போட்டிருக்கிறோம். அதனால் இப்போதைக்கு அபராதம் இல்லை.

அரசாங்கக் காகிதங்களில் இல்லத்தின் சார்பாகக் கையெழுத்திடும் உரிமை செயலாளருக்கு உண்டு. ஆகவே பெயர் எழுதவேண்டிய கோடு என்னுடையது. அது வெறுமையாக இருக்கிறது.

உனக்கு இது ஏன்? என் கேள்விக்கு நீ கருகிய சட்டியைப் பதிலாக அனுப்பினாய். மறுபடியும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இல்லத்தில் கனமான கிழவிகளை தனியாகத் தூக்காதே.

ஓடில் பெரியம்மா


ஃபிரெஞ்ச்வில்
27 அக்டோபர் 2013

அன்பான பெரியம்மாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? இங்க முதல் பனி விழுந்தாச்சு.

சரி, சொல்லிடுறேன். லூக் பிறந்தப்ப என் இதயம் வீங்கிச்சே, அது முழுசாச் சரியாகலை. பேங்கோர் டாக்டரம்மா ஹான்ரஹான் கில்மனை உக்கார வச்சுச் சொன்னாங்க: “இன்னொரு பிரசவத்தை இவ தாங்குவாங்கிறதுக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. நீங்க ரெண்டு பேரும் இதைக் காதுல வாங்கணும்.” வீடு வந்ததும் கில்மன் தலையணையை எடுத்துட்டு முன்னறைக்குப் போயிட்டான். இப்ப சோபாவுலதான் படுக்கிறான். பாவம், அவன் நீளத்துக்கு அந்த சோபா பத்தாது.

கருத்தடை மாத்திரை என் இதயத்துக்கு ஆகாது. கருப்பைக்குள்ள லூப் மாதிரி ஒண்ணு வைக்கலாம், அஞ்சு வருஷம் கவலை இல்லங்கிறாங்க. அதை ஆஸ்பத்திரியில வச்சு, இதயத்தைப் பாத்துக்கிட்டே வைக்கணும். காப்பீடு இல்லாம எங்களால முடியாது.

இல்லத்துல ஒரு சான்றிதழ்ப் படிவம் இருக்காம், டோரீன் குடுத்தா. ‘இது நோய்க்கான சிகிச்சை, கருத்தரிப்பைத் தடுப்பதற்காக அல்ல’ன்னு டாக்டர் எழுதினா காப்பீட்டுல குடுப்பாங்களாம். டாக்டர் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. “உன் விஷயத்துல தடுக்குறதுதான் சிகிச்சை. வேணும்னா அதிக ரத்தப்போக்குன்னு எழுதிடட்டா? அதுக்கும் இதையேதான் வைப்போம். யார் கேக்கப்போறா?”

வேண்டாம்னுட்டேன். அந்தப் படிவம் போய்ச் சேருற இடம் செயலாளர் மேசைன்னு கீழ அச்சடிச்சிருக்கு. நீங்க ரெண்டு வரி படிச்சாலே பொய்யைப் பிடிச்சிடுவீங்க. உங்க முகத்தை நினைச்சேன், முடியலை.

டாக்டர் எழுதின உண்மைக் கடிதத்தை இதோட வச்சிருக்கேன். உங்க கண்ணுக்கு மட்டும்.

கோலெட்


லூயிஸ்டன்
8 நவம்பர் 2013

அன்புள்ள கோலெட்,

டாக்டரின் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் உடம்பு இந்த நிலையில் இருப்பதை இவ்வளவு நாள் உன் அம்மாகூட எனக்குச் சொல்லவில்லை.

பொய் எழுத மறுத்தாய். அது சரி. அந்தப் படிவத்தின் வாசகத்தை அமைத்தவள் நான். அது பொய்க்கு இடம் கொடுக்கக்கூடாது என்றுதான் அப்படி அமைத்தேன்.

பணம் அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். அனுப்பமாட்டேன். மேசையில் ஒன்று சொல்லிவிட்டு அஞ்சலில் வேறொன்று செய்கிறவள் அல்ல நான். திருச்சபை அனுமதிக்கிற வழி இருக்கிறது. காலையில் எழுந்ததும், படுக்கையைவிட்டு இறங்குவதற்குமுன் உடல்வெப்பம் பார்த்துக் குறித்துவை; வெப்பம் ஏறி நின்றால் அதன்பின் வருபவை கருத்தரிக்காத நாட்கள். அட்டவணை அச்சிட்ட தாள்களை அனுப்புகிறேன். கவனமாகச் செய்கிறவர்களுக்கு அது பலன் தரும்.

இதையெல்லாம் அறியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் முப்பது வயது இருந்தது. அர்மான் பிறந்தான், அடுத்தது இறந்து பிறந்தது, பிறகு செலெஸ்ட். அதற்குமேல் கடவுள் தரவில்லை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

டிசம்பர் கூட்டத்தில் டாக்டரின் கடிதத்தை, உன் பெயரை மறைத்துவிட்டு, குழுவின் முன் வைத்து விதிவிலக்கு கேட்கப்போகிறேன். உண்மையை உண்மையாகச் சொன்னால் நல்ல மனிதர்கள் கேட்பார்கள்.

வெப்பமானி உடையாமல் வந்து சேரவேண்டும் என்று பஞ்சில் சுற்றியிருக்கிறேன்.

ஓடில் பெரியம்மா


ஃபிரெஞ்ச்வில்
20 நவம்பர் 2013

பெரியம்மா,

வெப்பமானி முழுசா வந்து சேர்ந்துச்சு. நன்றி.

கடிதத்தைக் கூட்டத்துல வைக்காதீங்க. உங்க கண்ணுக்கு மட்டும்னு எழுதியிருந்தேன். சிஸ்டர் யூலலி மாசம் ஒரு தடவை இங்க வர்றாங்க, என்கூட உக்காந்து சூப் குடிக்கிறாங்க. என் உடம்பை அந்த மேசையில வைக்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

கோலெட்


லூயிஸ்டன்
13 டிசம்பர் 2013

அன்புள்ள கோலெட்,

நலம்தானே? இங்கே பாதையெல்லாம் உறைந்துகிடக்கிறது. பூசைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் போகிறேன்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. உன் வேண்டுகோளை நான் மறக்கவில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் உனக்கு எதுவும் கிடைக்காது என்பதும் தெரிந்திருந்தது. கடிதத்தைப் படித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. வயதைக்கூடச் சொல்லவில்லை.

இதயம் என்ற சொல் வந்த உடனே சிஸ்டர் யூலலி, “ஐயோ, வடக்கு வீட்டுல பத்து வாரம் படுத்திருந்த பொண்ணா? ஓடில், உங்க தங்கச்சி மகதானே?” என்றார். நோர்மன் கையை உயர்த்தி, “பேர் வேண்டாம் சிஸ்டர், பேர் வேண்டாம்,” என்றார். அதற்குள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தந்தை பெரூபேவின் கண் கலங்கியது. அதை நீ நம்பவேண்டும். “தடுக்கிறதுக்காகத்தான்னு டாக்டரே எழுதியிருக்காங்க. நம்ம படிவமோ அதுக்காக இல்லன்னு எழுதச் சொல்லுது. நான் என்ன பண்ணட்டும்? அவங்களுக்காக ஒன்பது நாள் ஜெபம் பண்றேன்,” என்றார். ஏற்க இயலாது என்பதற்கு ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது கை பேனாவைப் பிடித்திருந்தது. குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இறைச்சி அடை இரண்டும், அனூக்குக்குக் கம்பளிக் கையுறையும் அனுப்புகிறேன். அட்டவணையை ஒரு நாளும் விடாதே.

ஓடில் பெரியம்மா


லூயிஸ்டன்
22 ஜனவரி 2014

அன்புள்ள கோலெட்,

பொட்டலம் வந்ததா? கையுறை அளவு சரியா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உன் அம்மாவைக் கேட்டால், “அவ நல்லாத்தான் இருக்கா, நீ பனியில வழுக்கி விழுந்துடாத,” என்கிறாள். அவள் பேச்சை இவ்வளவு சீக்கிரம் முடிக்கிறவள் அல்ல.

கோபமென்றால் கோபம் என்று எழுது. அதையும் படிப்பேன்.

ஓடில் பெரியம்மா


பேங்கோர்
16 பிப்ரவரி 2014

மரியாதைக்குரிய ஓடில் பெரியம்மாவுக்கு,

கில்மன் எழுதுறேன். எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா மன்னிக்கணும்.

கோலெட்டை இங்க ஆஸ்பத்திரியில சேர்த்து ஒன்பது நாளாச்சு. டிசம்பர்லயே கரு தங்கிடுச்சு. அவளுக்குத் தெரிஞ்சும் ஜனவரி கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லலை. நீங்க அனுப்புன தாள் குளிர்சாதனப் பெட்டி மேல ஒட்டியிருக்கு. ஒரு நாள் விடாம எழுதியிருக்கா. கரு தங்கின வாரம் அனூக்குக்குக் காய்ச்சல், இவளுக்கும் தொத்திக்கிச்சு. காய்ச்சல்ல வெப்பம் ஏறினதை, இனிமே பயமில்லாத நாள்னு இவ கணக்குப் பண்ணிட்டா. நானும் அன்னைக்குச் சோபாவுல படுக்கலை. அது என் தப்பு.

போன வியாழக்கிழமை குழந்தை தங்காமப் போயிடுச்சு. பன்னண்டாவது வாரம். மூச்சு விட முடியாமத் தவிச்சா. இப்ப குழாய் எடுத்துட்டாங்க, பேசுறா. இதயம் முன்னைவிடப் பாதிதான் வேலை செய்யுதாம். இனிமே ஒரு தடவை ஆச்சுன்னா அவ இல்ல. டாக்டர் இப்ப சுத்தி வளைக்காமச் சொல்லிட்டாங்க. உள்ள ஒண்ணை வைக்கிறதுக்கும் கொஞ்சம் தேறணும், ஜூன் ஆகுமாம்.

உங்களுக்கு எழுதாதன்னா. கோபம் இல்ல, அசதிதான். இல்லத்து வேலைக்கு இனி போக முடியாது. காப்பீடு மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கும்னு டோரீன் சொன்னா.

கையுறை அனூக்குக்குச் சரியா இருந்துச்சு.

கில்மன் சீர்


ஃபிரெஞ்ச்வில்
6 ஏப்ரல் 2014

பெரியம்மாவுக்கு,

வீட்டுக்கு வந்துட்டேன். நீங்க அனுப்புன பூ ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. சீட்டுல ஒண்ணும் எழுதலை. நீங்க எழுதாம ஒரு பொருளும் அனுப்பினதில்ல, ஆனாலும் நீங்கதான்னு உடனே தெரிஞ்சுது.

லூக்கைத் தூக்கக்கூடாதாம். அவன் கையை நீட்டுறான், நான் தரையில உக்காந்துக்கிறேன். மடியில ஏறிக்கிறான்.

அந்த ரெண்டு பக்கக் காகிதம் இன்னும் உங்க அலமாரியிலதான் இருக்கா?

கோலெட்


லூயிஸ்டன்
12 மே 2014

அன்புள்ள கோலெட்,

உன் கேள்விக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். இல்லை, அது அலமாரியில் இல்லை.

ஓடில் டேகலுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, என்ன காகிதம் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. ஏப்ரல் பதினான்காம் தேதி, காலைப் பூசை முடிந்து வந்து, கண்ணாடி அணிந்து, இரண்டு பக்கத்தையும் முழுவதும் படித்துவிட்டு, என் கோட்டில் என் பெயரை எழுதினேன். பதிவுத் தபாலில் நானே அனுப்பினேன். பிறகுதான் குழுவுக்கு அறிவித்தேன், ராஜினாமாவையும் அதோடு வைத்தேன். குழு முடிவுக்கு மாறாகச் செயலாளர் நடப்பது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

நோர்மன் வீட்டுக்கு வந்தார். “அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்ல, மாத்திரை மயக்கம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க ஓடில். காகிதத்தைச் செல்லாதுன்னு ஆக்கிடலாம். யாரும் உங்களைத் தப்பாப் பேசமாட்டாங்க,” என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் இன்றைய தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். என் மனம் தெளிவாக இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார். நகலை நோர்மனுக்கு அனுப்பிவிட்டேன். காகிதம் செல்லுபடியாகவே நிற்கிறது. இரண்டு வீட்டிலும் சேர்த்து நாற்பத்தொரு பெண்களுக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, ‘செலவு எங்களுடையது’ என்று உறை வரும். உனக்கும் வரும்.

இன்னொரு சான்றிதழைப் பற்றியும் சொல்லவேண்டும். 1963. செலெஸ்ட் பிறந்து எட்டு மாதம். இன்னொன்று என்னைக் கொன்றுவிடும் என்று அப்போதைய டாக்டர் உன் பெரியப்பா ரொசேரிடம் சொன்னார். எனக்கு ஒரு மாத்திரை எழுதினார். எதற்கு என்ற இடத்தில், ‘மாதவிலக்கைச் சீராக்க’ என்று எழுதினார். என் மாதவிலக்கு கன்னியர் மடத்து மணியைப் போலச் சீராக வரும். அவருக்கும் தெரியும், ரொசேருக்கும் தெரியும். ஏழு ஆண்டுகள் அந்தச் சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கினேன். ஞாயிறுதோறும் நற்கருணையும் வாங்கினேன். எல்லோருடைய வரிகளையும் திருத்துகிற நான் அந்த ஒரு வரியைத் திருத்தவில்லை.

அதே பொய்யை உன் டாக்டர் உனக்காக எழுதத் தயாராக இருந்தார். என் முகத்தை நினைத்து நீ வேண்டாம் என்றாய். பிறகு நான் உனக்கு வெப்பமானி அனுப்பினேன். வைக்கவேண்டாம் என்று நீ கெஞ்சியும் டாக்டரின் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். டிசம்பரில் என் கை பேனாவைப் பிடித்திருந்தது என்று எழுதினேனே, அது பதில் அல்ல. பேனாவைக் கீழே வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் தந்தை பெரூபேவிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “கையெழுத்துப் போட்டதுக்கு வருத்தப்படுறீங்களா?” என்று கேட்டார். “நவம்பருக்கும் டிசம்பருக்கும் வருத்தப்படுறேன் ஃபாதர். ஏப்ரலுக்கு இல்ல,” என்றேன். “அப்ப இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வாங்க ஓடில்,” என்று பாவமன்னிப்பு கொடுக்காமல் அனுப்பிவிட்டார். நான்கு ஞாயிறாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழி விடுகிறேன்.

மன்னிப்பு கேட்க எனக்குச் சரியாக வராது. பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் மூச்சு எப்படி இருக்கிறது? லூக் உன் மடியில் ஏறும்போது வலிக்கிறதா? கில்மனுக்கு நீளமான சோபா ஒன்று இங்கிருந்து லாரியில் வருகிறது. மறுக்கவேண்டாம் என்று சொல்.

உறை வந்ததா, பேங்கோர் போக எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் எனக்கு எழுத்தில் தெரிவி. உன் அம்மா மூலமாக வேண்டாம், கில்மன் எழுதவும் வேண்டாம். உன் கையெழுத்தில், நீ பேசுகிற மாதிரியே எழுது.

ஓடில்